286 வெள்ளி போச்சு: முயலுக்குக் காய்ந்த புல் வாங்குறவங்க தயவுசெய்து படிங்க

நேற்று இரவு 9 மணிக்கு என் தங்கையின் கைபேசியில் முயல் புல் விற்கும் அந்த ஆளின் நேரலையைப் பார்த்தேன். என்னை அவன் பிளாக் செய்துவிட்டதால் என் கைபேசியில் அது வராது. அதே ஆள், அதே சிரிப்பு, முதுகுக்குப் பின்னால் அதே அட்டைப் பெட்டி அடுக்கு. யாரோ ஒரு பெண், தன் முயல் புல்லைத் தொடுவதே இல்லை என்று எழுதியிருந்தார். "கவலைப்படாதீங்க அக்கா, முதல்ல உங்க முயலோட பேரைச் சொல்லுங்க" என்றான். எனக்குக் கை நடுங்கிவிட்டது. மூன்று வாரத்துக்கு முன்னால் என்னிடமும் இதைத்தான் கேட்டான். அந்தக் கேள்வியில் விழுந்துதான் 286 சிங்கப்பூர் வெள்ளியை அனுப்பினேன்.

புல் தின்னாத முயலைத் தின்ன வைப்பது எப்படி என்று எழுதித் தருவதாகச் சிலரிடம் சொல்லியிருந்தேன். கடைசியில் முடிந்த அளவு எழுதுகிறேன். முதலில் இதைச் சொல்லியாக வேண்டும். என் முயல் கிடந்ததுபோல இன்னொரு முயல் கிடக்கக் கூடாது.

எங்கள் முயல் பஞ்சு வீட்டுக்கு வந்து மூன்று வருடம். காது தொங்கும் ஹாலந்து லாப் இனம், 1.7 கிலோ. எங்கள் அடுக்குமாடி புளோக்கில் ஒரு குடும்பம் ஊரைவிட்டுப் போனபோது என் மகளிடம் கொடுத்துவிட்டுப் போனார்கள். அங்கே அவனுக்குப் பெல்லட்டும் (அழுத்திய உருண்டைத் தீவனம்) வாழைப்பழமும் கொடுத்தே பழக்கியிருந்தார்கள். புல்லை வைத்தால் முகர்ந்துவிட்டு, தட்டையே பல்லால் கவ்வித் தூக்கி எறிவான். என் அம்மா வந்து பார்த்துவிட்டு, "மாட்டுக்குப் போடுற வைக்கோலைப் போட்டா அது எப்படிடி தின்னும்?" என்றார். அது வைக்கோல் இல்லை, திமோத்தி ஹே. வைக்கோல் கதிர் அடித்த பிறகு மிஞ்சும் தாள், அதில் சத்து ஒன்றும் பெரிதாக இல்லை. திமோத்தி ஹே என்பது தீவனத்துக்கென்றே குளிர்ப் பிரதேசங்களில் வளர்த்து, பச்சை நிறம் போகாமல் காயவைத்த புல். இங்கே விளையாது, எல்லாம் இறக்குமதி. முயலின் சாப்பாட்டில் ஏறக்குறைய 80 விழுக்காடு அதுதான் இருக்க வேண்டும். ஏனென்றால் அதன் பல் சாகும்வரை வளர்ந்துகொண்டே இருக்கும். முரட்டுப் புல்லை மென்று மென்றுதான் அது தேயும். குடல் ஓடுவதும் அந்த நாரால்தான். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்திருந்தும் அவனைத் தின்ன வைக்க முடியவில்லையே என்ற கவலை இரண்டு வருடமாக என்னைத் தின்றுகொண்டிருந்தது. அந்தக் கவலையைத்தான் அந்த ஆள் கண்டுபிடித்தான்.

நேரலையில் செல்லப்பிராணிப் பொருள் விற்கும் ஒரு கணக்கு, அவ்வளவுதான் சொல்வேன். சிங்கப்பூரில் இப்படி விற்பவர்கள் பெரும்பாலும் ஆங்கிலத்திலோ சீனத்திலோதான் பேசுவார்கள். இவன் தமிழில் பேசினான். இரவு பத்தரை மணிக்கு, வேலை முடிந்து பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்கும்போது, யாரோ நம் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து பேசுவதுபோல இருந்தது. நான் என் பிரச்சினையை எழுதினேன். பெயர் கேட்டான், சொன்னேன். "பஞ்சுவா! அழகான பேரு. பஞ்சுவுக்கு எத்தனை வயசு அக்கா? என்ன எடை? மலம் பெருசா வருதா, சின்னதா வருதா?" மருத்துவர் கேட்பதுபோல வரிசையாகக் கேட்டான். மலத்தைப் பற்றி ஒருவன் கேட்கிறான் என்றால் அவனுக்கு முயலைத் தெரிந்திருக்கும் என்று நம்பினேன். என் மகளும் பக்கத்தில் இருந்தாள். நேரலையில் பஞ்சுவின் பெயரைக் கேட்டதும் துள்ளிக் குதித்தாள்.

"மூணாவது அறுப்பு அக்கா, பட்டு மாதிரி இருக்கும். என் வீட்டு முயலுக்கு எடுக்கிற பெட்டியிலிருந்தே உங்களுக்கு அனுப்புறேன். தின்னலைன்னா பணம் வாபஸ்." ஒரு கைப்பிடியை எடுத்துக் கேமராவுக்கு நேராகப் பிடித்தான். பச்சைப் பசேலென்று, இலை இலையாக. முதல் அறுப்பு தண்டும் கதிருமாக முரடாக இருக்கும், மூன்றாவது அறுப்பு மென்மையாக, இலை அதிகமாக இருக்கும் என்பது உண்மைதான். அடம்பிடிக்கும் முயலுக்கு அதிலிருந்து தொடங்கலாம் என்று நானும் படித்திருந்தேன். அவன் சொன்னதில் பாதி உண்மை. அதனால்தான் மீதியையும் நம்பினேன்.

12 கிலோ 238 வெள்ளி. கூடவே "பசி தூண்டும் மூலிகைப் பொடி" 48 வெள்ளி. விலை ஏறப் போகிறது, ஆறு மாதத்துக்குக் கவலையில்லை என்றான். பிறகு தனிச் செய்தியில், தளத்தின் வழியாகக் கட்டினால் கமிஷன் போகும், பேநவ்வில் (கைபேசி எண்ணுக்கு நேரடியாகப் பணம் அனுப்பும் வசதி) அனுப்பினால் வீட்டுக்குக் கொண்டுவரும் செலவு இலவசம் என்றான். அனுப்பினேன். 286 வெள்ளி. அனுப்பிய பக்கத்தில் வந்த பெயர் அவன் பெயரும் இல்லை, கடைப் பெயரும் இல்லை, ஏதோ ஒரு செல்லப்பெயர். அதைப் பார்த்தும் விரலை வைத்து அழுத்தினேனே, அதை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

ஐந்தாம் நாள் மூன்று பெட்டி வந்தது. வாசலில் வைத்தே ஒன்றைப் பிரித்தேன். மேலே நாலு விரல் உயரத்துக்குப் பச்சைப் புல். அதை ஒதுக்கிவிட்டுக் கையை உள்ளே விட்டால், அதற்குக் கீழே எல்லாம் கொதித்து வடிந்த தேயிலைச் சக்கை நிறம். கட்டி கட்டியாக ஒட்டிக்கொண்டு வந்தது. ஒரு கட்டியைப் பிரித்து உதறினேன். காரிடாரில் வெயில் விழுந்துகொண்டிருந்ததால் தெளிவாகத் தெரிந்தது, புகைபோல வெள்ளைத் தூசி எழுந்தது. நல்ல புல்லுக்கு ஓர் இனிப்பு வாசனை உண்டு, வெயிலில் காய்ந்த தரைபோல. இது மழையில் நனைந்து மடித்து வைத்த செய்தித்தாள் வாசனை. பக்கத்து வீட்டு மலாய் அம்மா கதவைத் திறந்து, "என்ன வாசனை அது?" என்று கேட்டார். இரண்டாவது பெட்டியும் அப்படியே. மூன்றாவதையும் பிரித்துப் பார்த்தேன், அப்படியே.

உடனே படம் எடுத்து அனுப்பினேன். பதில் வந்தது: "அது இயற்கையான நிறம் அக்கா. ஒவ்வொரு அறுவடைக்கும் மாறும். பஞ்சு கொஞ்சம் அடம்பிடிக்கிற ஆளுன்னு நீங்களே சொன்னீங்களே. பெல்லட்டை முழுசா நிறுத்துங்க. ரெண்டு நாள் பட்டினி போடுங்க. பசிச்சா தானா தின்பான். பொடியைத் தூவுங்க."

பசித்தால் தானாகத் தின்பான். இந்த வாக்கியத்தை எந்த முயல்காரரும் நம்பாதீர்கள். நான் நம்பினேன். பெட்டியின் மேல்பகுதியில் இருந்த பச்சைப் புல்லைப் பொறுக்கி வைத்து, பொடியையும் தூவினேன். பொடி வாழைப்பழ எசன்ஸும் சர்க்கரையுமாக மணந்தது, டப்பாவில் என்னென்ன சேர்த்தார்கள் என்று ஒரு வரி இல்லை. பஞ்சு தட்டை ஒருமுறை முகர்ந்துவிட்டு மூலைக்குப் போய்விட்டான். மறுநாள் மாலை அவன் மலம் கடுகு மாதிரி சுருங்கியிருந்தது. இரவில் அதுவும் இல்லை. முதுகைக் கூனிக்கொண்டு, கண் பாதி மூடி, பல்லை நறநறவென்று அரைத்தபடி உட்கார்ந்திருந்தான். என் மகள் அவன் முன்னால் தரையில் படுத்துக்கொண்டு கொத்தமல்லித் தழையை நீட்டிக்கொண்டே இருந்தாள். வாயைத் திறக்கவில்லை.

விடியற்காலையில் டாக்சி பிடித்து, முயலைப் பார்க்கும் மருத்துவரிடம் ஓடினோம். எல்லா விலங்கு மருத்துவமனையிலும் முயலைப் பார்க்க மாட்டார்கள், இரண்டு இடத்துக்கு அழைத்துவிட்டுத்தான் மூன்றாவது இடத்துக்குப் போனோம். குடல் ஓட்டம் நின்றுவிட்டது என்றார். முயல் பட்டினி கிடக்கக் கூடாத பிராணி, அதற்கு வாந்தி எடுக்கவும் முடியாது, 12 மணி நேரம் எதுவும் தின்னாமல், மலம் கழிக்காமல் இருந்தாலே அவசரம் என்று எடுத்துக்கொள்ள வேண்டும் என்றார். பிறகு வாயைத் திறந்து விளக்கு அடித்துப் பார்த்தார். கடைவாய்ப் பல்லில் ஒரு முனை கூராக வளர்ந்து நாக்கைக் குத்திக்கொண்டிருந்தது. இவ்வளவு நாளும் அவன் அடம்பிடிக்கவில்லை. மென்றால் அவனுக்கு வலித்திருக்கிறது. நானும் அவனை அடம் என்று சொல்லிச் சொல்லி, அந்தச் சொல்லை ஒரு வியாபாரி கையில் கொடுத்தேன், அதையே அந்த ஆள் திருப்பி என் முகத்தில் எறிந்தான்.

திரவம் ஏற்றி, வலிக்கு மருந்து, எக்ஸ்ரே, பிறகு மயக்கம் கொடுத்துப் பல்லைத் தேய்த்தது, எல்லாம் சேர்த்து 640 வெள்ளி. அதற்கு நான் யாரையும் கணக்குக் கேட்கவில்லை, என் முயல், நான் கட்டினேன். அந்த 286 வெள்ளிதான் எனக்குத் திரும்ப வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும் பெட்டியின் மேலிருந்த தாளை நகத்தால் சுரண்டினேன். அடியில் இன்னொரு தாள். அதில் இருந்த காலாவதித் தேதி முடிந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. அந்தப் படத்தையும் மருத்துவரின் ரசீதையும் அனுப்பினேன். ஒன்றரை நாள் பதில் இல்லை. பிறகு வந்தது. அக்கா இல்லை, பஞ்சு இல்லை, தமிழே இல்லை. "டியர் கஸ்டமர்" என்று ஆங்கிலத்தில் தொடங்கியது. பிரித்த பொருளுக்குப் பணம் திரும்பாது, விலங்கின் உடல்நலத்துக்கு நாங்கள் பொறுப்பில்லை. "தின்னலைன்னா பணம் வாபஸ்னு சொன்னீங்களே" என்று எழுதினேன். அந்தச் சலுகை பெட்டியைப் பிரிக்காதவர்களுக்கு மட்டும் என்றான். பிரிக்காமல் முயல் எப்படித் தின்னும்? அதைக் கேட்டேன். பிளாக்.

தளத்துக்கு எழுதினேன். பணம் எங்கள் வழியாக வரவில்லை, எங்களால் ஒன்றும் செய்ய முடியாது என்று ஒரே மாதிரி பதில் மூன்று முறை. வங்கிக்கு அழைத்து 40 நிமிடம் காத்திருந்தேன், நீங்களே அனுமதித்து அனுப்பிய பணம் என்றார்கள். பயனீட்டாளர் சங்கத்தில் புகார் பதிந்திருக்கிறேன். சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றத்தில் 5,000 வெள்ளிவரையான கோரிக்கைக்குத் தனிமனிதர் கட்ட வேண்டியது 10 வெள்ளிதான், இரண்டு வருடத்துக்குள் போகலாம். ஆனால் யார்மேல் போடுவது? என்னிடம் இருப்பது ஒரு செல்லப்பெயரும் ஒரு கைபேசி எண்ணும். கடையின் பதிவெண்ணை வாங்கும் முன்பே கேட்டிருக்க வேண்டும்.

எழுதுவதாகச் சொன்னதை வேகமாகச் சொல்கிறேன், பஞ்சுவுக்கு மருந்து நேரமாகிறது. புல் தின்னாத முயலை முதலில் பல்லுக்குக் காட்டுங்கள், மற்றதெல்லாம் அதற்குப் பிறகு. பெல்லட்டைக் குறைப்பதென்றால் வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக, ஒரே நாளில் நிறுத்தவே நிறுத்தாதீர்கள். புல்லை முயல் மலம் கழிக்கும் தட்டுக்குப் பக்கத்தில் வையுங்கள், முயல் அங்கே உட்கார்ந்துகொண்டேதான் மெல்லும். நாளுக்கு இரண்டு மூன்று முறை புதுப் பிடி போடுங்கள், டிஷ்யூ ரோலின் அட்டைக் குழாயில் திணித்துக் கொடுத்தால் சில முயல் இழுத்து இழுத்துத் தின்னும். ஆசையாகத் தின்கிறதே என்று வளர்ந்த முயலுக்கு அல்ஃபால்ஃபா (குதிரைமசால்) புல்லைத் தினமும் போடாதீர்கள், கால்சியம் அதிகம். புதுக் கடையில் ஒரு கிலோவுக்கு மேல் வாங்காதீர்கள், நம் ஊர் ஈரத்தில் 12 கிலோவை வைத்துக் காப்பாற்றவும் முடியாது. பெட்டியின் நடுவிலிருந்து எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். பிரிப்பதை வீடியோ எடுங்கள். தளத்துக்கு வெளியே பணம் அனுப்பாதீர்கள். மோசடியா என்று சந்தேகம் வந்தால் 1799-க்கு அழைத்துக் கேட்டுவிட்டு அனுப்புங்கள், நான் கேட்கவில்லை.

மூன்று பெட்டியும் இன்னும் என் வாசலில் இருக்கிறது, ஆதாரத்துக்காக எறியாமல் பையில் கட்டி வைத்திருக்கிறேன். வெள்ளைத் தாளுக்கு அடியில் இன்னொரு தாள் ஒட்டிய பெட்டி வேறு யார் வீட்டுக்காவது வந்திருந்தால், தமிழில் பேசி முயல் பெயர் கேட்ட ஆளிடம் வாங்கியிருந்தால், எனக்குத் தனியாகச் செய்தி அனுப்புங்கள். பேநவ்வில் உங்களுக்கு என்ன பெயர் வந்தது என்பதையும் எழுதுங்கள். நாலைந்து பேர் சேர்ந்தால் அவன் யாரென்று கண்டுபிடித்துவிடலாம்.