ரீகண்டிஷன் எம்பிவி வாங்கப் போகிறீர்களா? 9,500 வெள்ளி பறிகொடுத்தவன் எழுதுகிறேன்

கோபம் இன்னும் அடங்கவில்லை, அதனால் முன்பின்னாக இருந்தால் பொறுத்துக்கொண்டு படியுங்கள். கோலாலம்பூரில் ஒரு ரீகண்டிஷன் காடிக் கடை, அதாவது வெளிநாட்டில் ஓடிய காடிகளை இறக்குமதி செய்து விற்கும் கடை. பெயர் வேண்டாம். நெடுஞ்சாலை ஓரத்தில் கண்ணாடி முகப்பு, வாசலில் பெரிய பெரிய வெள்ளை எம்பிவிகளின் (குடும்பமே ஏறும் பல இருக்கைக் காடிகளின்) வரிசை, அந்த ரகக் கடை. அங்கே என்னிடமிருந்து 9,500 வெள்ளி (ரிங்கிட்) வாங்கிக்கொண்டு, எந்த நாட்டிலும் இல்லாத ஒரு காடியை எனக்கு விற்றிருக்கிறார்கள்.

எங்கள் தேவை ரொம்ப எளிது. அம்மா, அப்பா, நாங்கள் இருவர், மூன்று பிள்ளைகள். செதாபாக்கில் கொண்டோ, பார்க்கிங் இரண்டு தூணுக்கு நடுவில். அம்மாவுக்கு முட்டிவலி. முதலில் நம் ஊர் பெரொடுவா ஆல்சாதான் பார்த்தோம். 2022-இல் புதிதாக வந்தபோது மேல் ரகமான ஏவி 75,500 வெள்ளி, அதிலேயே முன்னால் போகும் வண்டியைப் பார்த்து வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் குரூஸ் கண்ட்ரோல், 360 டிகிரி கேமரா, பக்கவாட்டில் வண்டி வந்தால் எச்சரிக்கை எல்லாம் உண்டு. குறை சொல்ல முடியாத காடி. ஆனால் அதன் பின்கதவு வெளிப்பக்கமாகத் திறக்கிறது, எங்கள் தூணுக்குப் பக்கத்தில் அம்மாவை இறக்கவே முடியாது. இழுவைக் கதவும் வேண்டும், அளவும் சின்னதாக இருக்க வேண்டும் என்றால் டொயோட்டா சியந்தா சரியாக வரும். நீளம் 4,260 மில்லிமீட்டர், அகலம் 1,695. ஆல்சா 4,425, 1,730. நகரத்துப் பார்க்கிங்கில் அந்த வித்தியாசம் பெரிது.

சியந்தாவில்தான் குழப்பம் ஆரம்பம். மலேசியாவில் 2016-இல் முறைப்படி விற்பனைக்கு வந்தது பழைய தலைமுறை, இந்தோனேசியாவில் செய்தது, ஜி, வி என்று இரண்டே ரகம். ஜப்பானில் 2022 ஆகஸ்டில் வந்த புதுத் தலைமுறையில் எக்ஸ், ஜி, இசட் என மூன்று ரகம். கீழே எக்ஸ், உச்சியில் இசட். அப்புறம் பெட்ரோலா ஹைப்ரிடா, ஐந்து இருக்கையா ஏழா, அதற்கு மேல் நீளமான ஆப்ஷன் பட்டியல். இதே காடி சிங்கப்பூரில் வேறு ரகப் பெயர்களில் விற்கிறது. தைவானிலோ பழைய உடம்பிலேயே 1.8 லிட்டர் எஞ்சின் வரைக்கும் போட்டு விற்றார்கள். வேலைக்குப் போய் வருகிற மனிதன் இதையெல்லாம் மனப்பாடம் செய்து வைத்திருக்க மாட்டான் என்பது அந்த சேல்ஸ்மேனுக்கு நன்றாகத் தெரியும்.

நம்ம ஆள்தான். தமிழ்ப் பையன். "வாங்கண்ணே, அக்காவுக்கு மைலோ ஐஸா, தே தாரேக்கா?" என்று தொடங்கி, என்னை விட்டுவிட்டு நேராக அம்மாவிடம் போனான். முழங்கையைப் பிடித்து மெதுவாக ஒரு வெள்ளி நிற சியந்தா பக்கம் கூட்டிப்போய், சாவியில் பொத்தானை அழுத்த, கதவு தானாக வழுக்கிக்கொண்டு திறந்தது. மறுபக்கமும் அப்படியே. "ஏறி உட்காருங்கம்மா, இது உங்களுக்காகவே செஞ்ச காடி." அம்மா யார் கையையும் பிடிக்காமல் ஏறி உட்கார்ந்து எங்களைப் பார்த்துச் சிரித்தார். வீட்டிலிருந்து ஆல்சா ஆல்சா என்று சொல்லிக்கொண்டு வந்த என் மனைவியே அதற்கப்புறம் வாயைத் திறக்கவில்லை. அவன் வியாபாரம் அந்த நிமிடமே முடிந்துவிட்டது.

அந்த வெள்ளி நிறக் காடி இசட், வேறு யாரோ புக் செய்தது. "உங்களுக்கு இதே இசட், இதே ஹைப்ரிட், ஏழு சீட், கலர் மட்டும் பெய்ஜ். போர்ட் கிளாங்கில் இறங்கிடுச்சுண்ணே." அப்புறம் வாட்ஸ்அப்பில் படம் படமாக அனுப்பினான். ஜப்பான் இசட் பட்டியலிலிருந்து ஒரு பக்கம், சிங்கப்பூர்க்காரர் ஒருவர் காடியைச் சுற்றிக் காட்டும் வீடியோ, உள்ளே டிவி திரை தொங்கும் ஒரு படம் (அது தைவான் சியந்தா, உடம்பே பழைய உடம்பு என்று பிறகு என் மச்சான் காட்டினான்). மூன்று நாட்டுக் காடியையும் ஒரே குழம்பில் போட்டுக் கிண்டி எனக்குப் பரிமாறியிருக்கிறான். லிட்டருக்கு 28.2 கிலோமீட்டர் என்று அடிக்கடி சொன்னான். அந்த எண் உண்மை, ஜப்பானின் டபிள்யூஎல்டிசி சோதனையில் வந்தது, ஆனால் ஹைப்ரிட் எக்ஸ் ரகத்துக்கு வந்தது! அவன் சொன்னதில் எனக்கு வந்த காடிக்குப் பொருந்தியது அது ஒன்றுதான்.

விலை எப்படிப் பேசினான் என்று கவனியுங்கள். எக்ஸ் 118,000 வெள்ளி, இசட் 127,500. "பேங்க் வேல்யுவேஷன் எக்ஸ் விலைக்குத்தான் வருதுண்ணே, மிச்சம் 9,500-ஐ கம்பெனி கணக்கில் போட்டுடுங்க, ரசீது தர்றேன்." போட்டோம், ரசீதும் வந்தது. ஆர்டர் தாளில் "சியந்தா ஹைப்ரிட், ஃபுல் ஸ்பெக்" என்றும், 9,500-க்கான ரசீதில் "அக்சஸரிஸ்" என்றும் எழுதியிருந்தது. கேட்டேன். "சிஸ்டத்தில் வேற எழுத இடமில்லண்ணே, எல்லாருக்கும் இப்படித்தான்" என்றான்.

காடி கைக்கு வந்தது ஒரு மழை மாலையில், கடை மூடும் நேரத்தில். மாலை போட்டு, எலுமிச்சம்பழம் வைத்து, அவனே படம் எடுத்துக் கொடுத்தான். மறுநாள் பகல் வெளிச்சத்தில்தான் ஒவ்வொன்றாகத் தெரிந்தது. வலப்பக்கக் கதவைக் கையால்தான் இழுக்க வேண்டும். எங்கள் தூண் இருப்பதும் வலப்பக்கம்தான். "பின்னாடி தனி ஏர்கான்" என்றானே, கூரையில் ஒன்றுமே இல்லை. ஜப்பான் சியந்தாவில் வருவது ஏர்கானே கிடையாது, உள்ளே இருக்கிற காற்றைப் பின்னால் தள்ளுகிற ஒரு சர்குலேட்டர், அதுவும் ஆப்ஷன். ஆல்சாவில் பின்வரிசைக்குக் கூரையில் புளோவர் இருக்கிறது, நம் வெயில் தெரிந்தவன் செய்த காடி. குரூஸ் கண்ட்ரோல் பொத்தானைத் தேடினேன், ஸ்டியரிங்கில் அது இருக்க வேண்டிய இடத்தில் வெறும் மூடி. ரேடியோ கதை தனி. ஜப்பானில் எஃப்எம் 76-இலிருந்து 95 மெகாஹெர்ட்ஸ் வரைதான், அதனால் தமிழ் வானொலிகளில் 92.3-இல் மின்னல் வருகிறது, 99.3-இல் ராகா வரவே இல்லை. பிள்ளைகளுக்கு அதுதான் பெரிய சோகம்.

போன் செய்தேன். முதல் பதில்: "அதெல்லாம் ஜப்பான் சாஃப்ட்வேர் லாக்ண்ணே, டெக்னீஷியன் வந்து திறந்து விடுவார்." இல்லாத பொத்தானை எந்த டெக்னீஷியன் திறப்பான்? அடுத்தது, ஒவ்வொரு பேட்ச்சும் கொஞ்சம் கொஞ்சம் மாறுமாம். அதற்கப்புறம் முதலாளி ஜப்பானில் ஏலத்துக்குப் போயிருக்கிறாராம். பிறகு நீல டிக் மட்டும் விழும், பதில் வராது. மனைவி எண்ணிலிருந்து அழைத்தால் எடுக்கிறான், என் குரல் கேட்டதும் "மீட்டிங்ல இருக்கேன்".

ஜிஞ்சாங்கில் எங்களுக்குத் தெரிந்த ஃபோர்மேன் (காடி மெக்கானிக்) ஒருவரிடம் கொண்டுபோனேன். மாடல் தகட்டைப் பார்த்து, புத்தகத்தோடு ஒத்துப் பார்த்துவிட்டு, "இது எக்ஸ், தம்பி" என்றார். எம்எக்ஸ்பிஎல்10ஜி என்ற முன்பகுதி இரு சக்கர இயக்க ஹைப்ரிட் எல்லாவற்றுக்கும் ஒன்றுதான், ரகம் தெரிவது கோட்டுக்குப் பின்னால் வரும் எழுத்துகளில். எனக்குக் கிடைத்த கிராண்டில் (காடிப் பதிவுச் சான்றில்) வெறும் சியந்தா ஹைப்ரிட் என்றுதான் இருக்கிறது.

நேரில் போனேன். சேல்ஸ்மேன் "லீவு". மேனேஜர் ஒருவர் ரசீதைப் புரட்டிவிட்டு அசராமல் சொல்கிறார், "நீங்க பணம் கட்டினது அக்சஸரிஸுக்கு. டின்டட், கார்பெட், டேஷ்கேம், எல்லாம் போட்டுக் கொடுத்திருக்கோமே." ஃபுல் ஸ்பெக் என்று எழுதினீர்களே என்றால், "எக்ஸ் ரகத்துக்கு அது ஃபுல் ஸ்பெக்தான் சார்." 9,500 வெள்ளிக்கு டின்டடும் கால்மிதியும்! அம்மாவை உட்காரவைத்துக் காட்டிய காடியைப் பற்றிக் கேட்டேன். அது டிஸ்ப்ளே யூனிட்டாம், அதற்கும் என் ஆர்டருக்கும் சம்பந்தமில்லையாம். இதைச் சொல்லும்போது பக்கத்து மேசையில் இன்னொரு குடும்பம் மைலோ குடித்துக்கொண்டிருந்தது.

காடி மேல் எனக்குக் குறை இல்லை. எக்ஸ் ரகத்தை எக்ஸ் என்று சொல்லி எக்ஸ் விலைக்கு விற்றிருந்தால் நான் ஏன் இதை எழுதுகிறேன்? லோன் ஓட ஆரம்பித்துவிட்டது, திருப்பிக் கொடுக்கவும் வழியில்லை. பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் மனுப் போடுகிறேன். 50,000 வெள்ளி வரை கேட்கலாம், கட்டணம் 5 வெள்ளி, வக்கீல் தேவையில்லை. வாட்ஸ்அப் உரையாடல் முழுவதையும் அச்செடுத்துவிட்டேன். உங்களில் யாராவது இந்த மாதிரிப் பேச்சுவார்த்தையில் இருந்தால் எதையும் அழித்துவிடாதீர்கள்.

எப்படிச் சோதிப்பது என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது பொறுமையில்லை, அவசரமாகச் சில மட்டும். ஜப்பான் ஏற்றுமதிச் சான்றிதழின் நகலை டெபாசிட்டுக்கு முன்பே கேளுங்கள். அதில் ஐந்து இலக்கத்தில் ஓர் எண்ணும் நான்கு இலக்கத்தில் ஓர் எண்ணும் இருக்கும், அந்த இரண்டையும் சேர்த்தால் ரகம் தெரியும். தரத் தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள். ஆர்டர் தாளில் இசட் என்றால் இசட் என்றே எழுதச் சொல்லுங்கள், கூடவே சேஸிஸ் எண். அக்சஸரிஸ் என்று ரசீது போட்டால் ஒரு காசு கொடுக்காதீர்கள். மழையில், இருட்டில் காடி எடுக்காதீர்கள்.

இதே மாதிரி "அக்சஸரிஸ்" ரசீது வைத்திருப்பவர்கள் கோலாலம்பூரில் இன்னும் சிலராவது இருப்பீர்கள். தொகை எவ்வளவு, எந்த மாதம் என்று எனக்குச் சொல்லுங்கள். என் தொகை 9,500 வெள்ளி, மனுவோடு உங்களுடையதையும் சேர்த்துக் காட்ட முடியுமா என்று தீர்ப்பாய முகப்பில் கேட்கப் போகிறேன்.