பாக்கிப் பணம்: கோர்ட்டா, ஆர்பிட்ரேஷனா?

சரக்கு போய்விட்டது, பணம் வரவில்லை, என்ன செய்யலாம் என்று திருப்பூரில் சின்ன பனியன் யூனிட் நடத்தும் நண்பர் கேட்டார். முதலில் பர்சேஸ் ஆர்டரைத் திருப்பிப் பாருங்கள் என்றேன். பின்பக்கம் பொடி எழுத்தில் ஆர்பிட்ரேஷன் ஷரத்து, அதாவது தகராறு வந்தால் கோர்ட்டுக்குப் பதிலாக தனியார் நடுவரிடம் தீர்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனை இருந்தால் பாதி முடிவு அங்கேயே ஆகிவிட்டது.

கோர்ட்டில் நீதிபதிக்கு நாம் சம்பளம் தர வேண்டாம், கோர்ட் ஃபீஸ் கட்டினால் போதும். ஆனால் வாய்தா! வணிக வழக்குகளை வேகமாக முடிக்க வணிக நீதிமன்றச் சட்டம் 2015-இல் வந்து, 2018-இல் அங்கே போகத் தேவையான குறைந்தபட்ச வழக்குத்தொகையை 3 லட்சமாகக் குறைத்த பிறகும் அந்தத் தொல்லை முழுதாகத் தீரவில்லை.

ஆர்பிட்ரேஷனில் கெடு உண்டு. உள்நாட்டு வழக்கில் இரு தரப்பும் மனு, பதில் எல்லாம் தாக்கல் செய்து முடித்ததிலிருந்து 12 மாதம், இருவரும் சம்மதித்தால் இன்னும் 6. செலவுதான் உறைக்கும்: 1996 ஆர்பிட்ரேஷன் சட்டத்தின் நான்காம் அட்டவணையில், 5 லட்சம் வரையான தகராறுக்கே நடுவர் கட்டணம் 45,000 ரூபாய். 3 லட்ச ரூபாய் பாக்கிக்கு இதைக் கட்டச் சொல்ல எனக்கு மனசு வராது. ஜெயித்தாலும் எதிராளி, நடுவர் தீர்ப்பை ரத்து செய்யக் கேட்க வழிவிடும் 34-ஆம் பிரிவைப் பிடித்துக்கொண்டு கோர்ட்டுக்குப் போகலாம்.

ஆனால் வாங்கியவர் ஜெர்மனியிலோ அமெரிக்காவிலோ இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு ஆர்பிட்ரேஷன்தான். நம் கோர்ட் டிக்ரியை அங்கே நேரடியாக அமல்படுத்த முடியாது. நடுவர் தீர்ப்புக்கோ, அதை உறுப்பு நாடுகள் ஏற்று அமல்படுத்த வழிசெய்யும் 1958 நியூயார்க் உடன்படிக்கை துணை இருக்கிறது. அப்புறம், வாங்குபவரே தனியாக ஒற்றை நடுவரை நியமிப்பார் என்று ஷரத்தில் இருந்தால் கையெழுத்துக்கு முன்பே அடித்துத் திருத்தச் சொல்லுங்கள். அப்படி நியமிப்பது செல்லாது என்று உச்ச நீதிமன்றமே 2019-இல் சொல்லிவிட்டது.