பட்டன் போனுக்கு வரும் ஒன்பது கேள்விகள்: மனச்சோர்வைக் கவனிக்கும் குறுஞ்செய்திச் சேவை

அக்காவுக்கு மனச்சோர்வு என்று டொக்டர் சொன்ன பிறகு, திருகோணமலை டவுனில் ஒரு தனியார் ஆலோசனை நிலையம் நடத்தும் குறுஞ்செய்திச் சேவையில் அவரைச் சேர்த்துவிட்டோம். டேட்டா தேவையில்லை, பட்டன் போன் போதும். திருக்கடலூரில் இருக்கும் அக்காவிடம் உள்ளதும் அதுதான்.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒன்பது கேள்விகள் வரும். 2001இல் வெளிவந்து இன்று பல நாடுகளில் பயன்படும், மனச்சோர்வை அளக்கும் பிஎச்கியூ-9 கேள்விகள்தான். எதிலும் நாட்டமில்லையா, தூக்கம் எப்படி, சாப்பாடு எப்படி என்று போகும். ஒவ்வொன்றுக்கும் 0 (அந்தத் தொல்லை இல்லவே இல்லை) முதல் 3 (கிட்டத்தட்ட ஒவ்வொரு நாளும்) வரை ஓர் இலக்கத்தை அனுப்பினால் சரி. கூட்டினால் அதிகபட்சம் 27, அதில் 10 அல்லது அதற்கு மேல் வந்தால் டொக்டர் கவனமாகப் பார்ப்பார்.

இதன் அருமை கிளினிக்கில்தான் தெரிந்தது. எப்படி இருக்கிறீங்க என்று கேட்டால் அக்கா எப்பவும் "பரவாயில்லை டொக்டர்" என்பார், பக்கத்தில் மாமியார் நிற்கும்போது வேறென்ன சொல்ல முடியும்? ஆனால் தூக்கத்துக்கு மட்டும் தொடர்ந்து 3 அனுப்பியிருந்தார். டொக்டர் அதைப் பிடித்துக்கொண்டு தனியாகக் கூப்பிட்டுக் கேட்டபோதுதான், அத்தான் இரவில் கடலுக்குப் போனால் விடியும்வரை அக்கா குசினி வாசலிலேயே உட்கார்ந்திருக்கிறார் என்பது வெளியே வந்தது.

குறைகளும் இருக்கின்றன. தமிழில் ஒரு குறுஞ்செய்திக்கு 70 எழுத்துக்குறிதான் இடம், ஆங்கிலத்தில் என்றால் 160. வணக்கமும் நிலையத்தின் பெயரும் பாதியைத் தின்றுவிட, கேள்வி இரண்டு துண்டாகி, சிலவேளை பின்துண்டு முதலில் வருகிறது. அந்த வணக்கத்தைத் தூக்கிவிடலாம். அப்புறம், போன் வீட்டில் எல்லாருடைய கையிலும் புழங்கும், பள்ளிக்கூடம் போகும் மகன் செய்தியைத் திறந்து வாசித்திருக்கிறான். சொன்னதும் அனுப்பும் நேரத்தை அவன் தூங்கிய பிறகு என்று மாற்றித் தந்தார்கள், நல்ல விஷயம்.

என்னால் பொறுக்க முடியாதது ஒன்பதாவது கேள்விக்கு நடந்தது. செத்துப்போனால் நல்லது என்ற நினைப்பு வருகிறதா என்று கேட்பது அது. ஒருமுறை அக்கா 1 என்று அனுப்ப, வந்த பதில் "உங்கள் பதிலுக்கு நன்றி". அடுத்த நாள் பின்னேரம் வரை யாரும் அழைக்கவில்லை. அந்தக் கேள்விக்கு 0 தவிர எது வந்தாலும் அன்றைக்கே ஒரு மனிதர் அழைத்துப் பேசியாக வேண்டும், இல்லாவிட்டால் அதைக் கேட்கவே கூடாது. நேரில் போய்ச் சொன்னேன். இப்போது பதிலில் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 தொலைபேசி இலக்கத்தைச் சேர்த்திருக்கிறார்கள், அழைக்க ஆள் இன்னும் வைக்கவில்லை. சேர்வதென்றால் தாராளமாகச் சேருங்கள், ஆனால் ஒன்பதாவது பதில் வீட்டில் நம்பிக்கையான ஒருவருக்கும் போக வேண்டும் என்று முதலிலேயே கேட்டு வாங்குங்கள். அக்காவின் சம்மதத்தோடு எனக்கு இப்போது அப்படித்தான் வருகிறது.