கோழிக் கூண்டுக்கு 38,500 ரூபாய் கொடுத்து ஏமாந்தேன்: மேல்காற்று வீசும் ஊர்க்காரர்கள் கவனிக்கவும்

முந்தாநாள் இரவு அடித்த காற்றில் எங்கள் கோழிக் கூண்டின் கூரைத் தகடுகள் நான்கும் பிய்ந்துபோய்ப் பக்கத்துத் தோட்டத்து வேலியில் கிடக்கின்றன. திறந்துகிடந்த கூண்டுக்குள் கீரி புகுந்து இரண்டு பெட்டைகளைக் கொன்றுவிட்டது. கூண்டுக்காக நாங்கள் கொடுத்த தொகை 38,500 ரூபாய். விற்றவர் இன்று காலை என் அழைப்பை எடுக்கவே இல்லை. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

நாங்கள் பல்லடத்துக்குத் தெற்கே தோட்டத்துச் சாளையில் குடியிருக்கிறோம். புறக்கடையில் நின்று பார்த்தாலே காற்றாலைகள் வரிசையாகத் தெரியும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து வரும் மேல்காற்று வைகாசியில் தொடங்கி ஆடியில் உச்சத்துக்கு ஏறும் பூமி இது. நாட்டுக்கோழி இருபத்து நான்கை மரத்தடியிலும் மாட்டுக் கொட்டகையிலும் அடைத்து அலுத்துப்போய், கூண்டும் அதை ஒட்டி மேய்வதற்குக் கம்பிவலை அடைப்புமாக ஒன்றாகச் செய்து தரும் ஆளைத் தேடினேன். எல்லாப் பொருளும் விற்கும் ஒரு கைபேசிச் செயலியில் அவருடைய விளம்பரம் கிடைத்தது. இடம் பார்த்து, திசை பார்த்து, நாங்களே நிறுவித் தருவோம் என்று அதில் எழுதியிருந்தது. அந்த ஒரு வரிக்காகத்தான் மற்றவர்களை விட்டுவிட்டு இவரைக் கூப்பிட்டேன்.

சித்திரை மாதம் ஒரு காலையில் ஏழு மணிக்கு வந்தார். மோர் கொடுத்தேன், குடித்தார். பிறகு புறக்கடைக்குப் போய்க் குனிந்து ஒரு பிடி மண்ணை அள்ளி, விரல்களுக்கிடையே நசுக்கி, தோள் உயரத்திலிருந்து மெதுவாகக் கீழே விட்டார். மண் நேராக விழுந்தது. “பாருங்கக்கா, காத்தே இல்லீங்க. இந்த மூலைதான் தோதான இடம்” என்றார். அவர் மண்ணை அள்ளிய விதத்தைப் பார்த்து, தொழில் தெரிந்தவர் என்று நான் முழுமையாக நம்பிவிட்டேன். சித்திரைக் காலையில் அசையாத காற்றை வைத்து ஆடி மாதத்தைக் கணிக்க முடியுமா என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை. அத்தைக்கு உறைத்தது. “ஏனுங் தம்பி, மேக்காலப் பாத்து வலையை வெச்சா ஆடியில என்னாகுமுங்?” என்று திண்ணையிலிருந்தே கேட்டார்கள். “காத்தோட்டம் வேணுமுங்கம்மா, கோழிக்கு அதுதான் நல்லது” என்று அவர் சொன்னதும், நானும் அத்தையைச் சும்மா இருக்கச் சொல்லிவிட்டேன். அதை நினைத்தால்தான் இப்போது அதிகமாக வலிக்கிறது.

முன்பணமாக 20,000 ரூபாயை அங்கேயே கைபேசியில் அனுப்பினேன். கூண்டு வந்த நாளில், கூரைக்கு போல்ட் முடுக்கும் முன்பே, வண்டி வாடகை கொடுக்க வேண்டும் என்று மீதி 18,500 ரூபாயையும் கேட்டு வாங்கிக்கொண்டார். மொத்தம் 38,500. அந்த மூலையை அவர் ஏன் தேர்ந்தெடுத்தார் என்பது, கூட வந்த பையன் இறக்கி வைத்துக்கொண்டே சொன்னபோதுதான் தெரிந்தது: “வண்டி அது வரைக்குந்தானுங்க்கா போகும்.”

பதினான்கு அடி நீளக் கூண்டை வடக்குத் தெற்காக நிறுத்தி, நீளமான வலைப் பக்கத்தை முழுவதும் மேற்கே திருப்பி வைத்திருந்தார்கள். மதியம் ஒரு மணியிலிருந்து பொழுது சாயும் வரை வெயில் அப்படியே உள்ளே விழும். கோழிக்கு வியர்க்காது, வாயைத் திறந்து மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்ளும் என்பதால், மாலை நேரத்தில் அவை இறக்கையை விரித்துக்கொண்டு கிழக்கு மூலையில் ஒன்றன்மேல் ஒன்றாக ஒண்டிக் கிடப்பதைப் பார்க்கவே முடியவில்லை. முட்டைப் பெட்டிகளையும் மேற்கிலேயே பொருத்தியிருந்ததால் அதற்குள் ஒரு கோழிகூடப் படுக்கவில்லை. சோளத்தட்டுப் போருக்கு அடியில் போய் முட்டையிட்டன. கதவோ நாலடி உயரம். தினமும் முதுகை வளைத்துத்தான் கூட்டிப் பெருக்க வேண்டும். அடுப்படியிலிருந்து எழுபது தப்படி தூரம் தண்ணீர்க் குடத்தைச் சுமக்கவும் வேண்டும்.

இதைவிடக் கொடுமை, அந்த மூலைதான் மாட்டுத் தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழிந்தால் தண்ணீர் வந்து தேங்கும் பள்ளம். வைகாசியில் ஒரே ஒரு கோடை மழை பெய்தது. தரையை ஓரடிகூட உயர்த்தாமல் வைத்திருந்ததால் உள்ளே போட்டிருந்த தென்னைநார்க் கழிவு முழுவதும் ஊறி, மூன்றாம் நாள் உள்ளே தலையை நீட்டினால் கண் எரிந்தது. ஒரு வாரத்தில் இளங்குஞ்சுகள் இரத்தமாகக் கழியத் தொடங்கின. இரத்தக் கழிச்சல் என்றும், ஈரக் கூளத்தில்தான் அந்த நுண்ணுயிர் பெருகும் என்றும் கால்நடை மருத்துவர் சொன்னார். மருந்து கொடுத்தும் ஒன்பது குஞ்சுகள் போய்விட்டன.

அன்றிலிருந்து அவரைக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். முதலில் மூன்று நாளில் ஆள் வரும் என்றார். பத்து நாள் கழித்துக் கேட்டபோது, வெல்டர் வீட்டில் துக்கம் என்றார். அடுத்த முறை, நீங்கள் காட்டிய இடத்தில்தானே வைத்தோம் என்று மாற்றிப் பேசினார். நானா காட்டினேன்? செயலியின் வாடிக்கையாளர் சேவைக்கு எழுதினால், நிறுவும் வேலை விற்பனையாளரின் பொறுப்பு என்று பதில் வருகிறது. விற்பனையாளரோ செயலியில் புகார் கொடுங்கள் என்கிறார். கூரை பறந்த படத்தை நேற்று அனுப்பியதற்கு, இயற்கைச் சீற்றம் வாரண்டியில் வராது என்று ஒரே வரியில் பதில் வந்தது. ஆண்டுதோறும் தவறாமல் வரும் ஆடிக் காற்று எப்படிச் சீற்றமாகும்? தூண்களைப் பிடுங்கிப் பார்த்தோம், அரையடி ஆழத்துக்குமேல் ஒன்றும் நடப்படவில்லை. 38,500 ரூபாய்க்கு அரையடிக் குழி!

என்னைப் போல நீங்களும் ஏமாறாமல் இருக்க, விவரமாக எழுத நினைத்தேன், முடியவில்லை, முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். கூண்டின் நீளம் கிழக்கு மேற்காக இருக்கட்டும், அப்போது வெயிலுக்குக் குறுகிய பக்கம்தான் காட்டும். நம் பக்கத்தில் மேற்குச் சுவரை அடைத்துவிடுங்கள். வடக்கும் தெற்கும் வலை இருந்தாலே காற்றோட்டம் போதும். ஐப்பசி, கார்த்திகை மழை வடகிழக்கிலிருந்து சாய்ந்து அடிக்கும், ஆகவே கூரை மூன்றடி வெளியே நீளட்டும். மேட்டில் வையுங்கள். இரசீது வாங்குங்கள், முடிக்கும் முன் மீதிப் பணம் கொடுக்காதீர்கள். நான் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன்.

அடுத்த வாரம் காங்கேயம் பக்கம் மூன்று தோட்டங்களில் கூண்டு நிறுவப் போவதாக அவரே என்னிடம் சொன்னார். அந்த மூன்று தோட்டத்துக்காரர்களில் ஒருவராவது இதைப் படித்தால், அவர் மண்ணை அள்ளி விடும்போது வீட்டுப் பெரியவர்களையும் பக்கத்தில் நிற்கச் சொல்லுங்கள், அவர்கள் கேட்கும் கேள்விக்குப் பதில் வரும் வரை கைபேசியை வெளியே எடுக்காதீர்கள்.