ஒரே ஒரு நட்டு கொடுத்த கடை

சின்ன ஊர் ஹார்டுவேர் கடைக்கெல்லாம் விமர்சனமா என்று சிரிக்கலாம். நான் சொல்லப்போகிற கடை இப்போது இல்லை, நட்சத்திரம் கொடுத்தால் வாங்கிக்கொள்ளவும் ஆள் இல்லை. ஆனால் போன வாரம் ஒரு நட்டு வாங்கப் போய், பிளாஸ்டிக் உறையில் அடைத்த பன்னிரண்டு நட்டுகளோடு வந்தேன், அதில் ஒன்றும் சேரவில்லை. அந்தக் கடுப்பில்தான் எழுதுகிறேன்.

வெயிலில் இருந்து அந்தக் கடைக்குள் நுழைந்தால் கண்ணுக்கு முன்னால் மூக்குக்குத்தான் கடை தெரியும். இரும்பு, கிரீஸ், டர்பன்டைன், சணல் எல்லாம் கலந்த ஒரு வாசனை. சுவர் முழுக்க மர இழுப்பறைகள். உள்ளே இருப்பதில் ஒன்றை எடுத்து முகப்பிலேயே கட்டியிருப்பார்கள், இதில் கீல், அதில் கொக்கி, அதற்குக் கீழே தாழ்ப்பாள். எழுத்தே தேவையில்லை. ஆணி எடைக்குத்தான், தராசுத் தட்டில் சலசலவென்று கொட்டும்.

கேட்டதை உடனே எடுத்துத் தரும் பழக்கம் மட்டும் கடைக்காரரிடம் கிடையாது. "எதுக்கு?" என்பார். புதுக் குழாய் வேண்டும் என்று போய் நின்றால், "மூடின பிறகும் சொட்டுதா, இல்ல திறக்கும்போது பிடிகிட்ட கசியுதா?" மூடின பிறகும் என்றால் ஒரு வாஷரோடு அனுப்பிவிடுவார். பிழைக்கத் தெரியாத மனுஷன் என்று அப்பா சொல்வார், ஆனால் வேறு கடைக்கு ஒரு நாளும் போனதில்லை.

ஒருமுறை அரை அங்குல போல்ட் ஒன்றைக் கொடுத்து, இதற்கு நட்டு வாங்கி வா என்று என்னை அனுப்பினார்கள். கடைக்காரர் ஒரு நட்டை எடுத்துச் சுழற்றினார், இரண்டு சுற்று ஓடி இறுகி நின்றது. போல்ட்டின் திருகு வரிகளை நகத்தால் வருடிப் பார்த்துவிட்டு, "மரை வேற தம்பி" என்று இன்னொரு அறையை இழுத்தார். அது கடைசிவரை வழுக்கிக்கொண்டு போனது. அரை அங்குலத்திலேயே விட்வொர்த் என்ற பிரிட்டிஷ் அளவு மரை என்றால் அங்குலத்துக்கு 12 வரி, யூஎன்சி என்ற அமெரிக்க அளவு என்றால் 13, வரியின் கோணமும் 55 பாகை, 60 பாகை என்று மாறும் என்பதெல்லாம் நான் பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டது. ஆங்கிலேயப் பொறியாளர் ஜோசப் விட்வொர்த் 1841-இல் ஒரு பொது அளவை முன்வைக்கும்வரை பட்டறைக்கு ஒரு மரையாம். போல்ட்டோடு நட்டையும் அதே பட்டறையில்தான் தேடியிருக்க வேண்டும், பாவம்.

குறை இல்லாமல் இல்லை. எதையும் தொட விடமாட்டார். ரசீது கேட்டால் அட்டைத் துண்டில் கிறுக்கித் தருவார், வீட்டுக்கு வந்தால் அது அவருக்கே புரியாத கையெழுத்து. பொடியன்தானே என்று என்னை நிற்க வைத்துவிட்டு, பின்னால் வந்த மேஸ்திரிக்கு முதலில் கொடுப்பார், அந்தக் கோபம் இன்னும் எனக்குப் போகவில்லை. சேவைக்கு மூன்று நட்சத்திரம்தான் தருவேன். அறிவுக்கு ஐந்து.

போன வார நட்டு விஷயம் என்ன ஆயிற்று என்றால், பன்னிரண்டையும் மேசையில் போட்டுவிட்டு அப்பாவின் பழைய தகர டப்பாவைக் கவிழ்த்தேன். துருப்பிடித்த ஒன்றை எடுத்து, ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, விரலால் சுழற்றினேன். அடிவரை ஓடியது.