தாய் நாயைக் காட்டாத கடையில் குட்டி வாங்காதீர்கள்: மார்த்தாண்டம் பகுதியில் எங்களுக்கு நேர்ந்தது

கன்னியாகுமரி மாவட்டத்தில் நாய்க்குட்டி வாங்க நினைப்பவர்கள் பணம் கொடுப்பதற்கு முன் இந்தப் பதிவை முழுவதும் படிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். மார்த்தாண்டத்தை அடுத்து நெடுஞ்சாலையோரம் இயங்கும் ஒரு கடையில் என் அக்காவும் அத்தானும் 9,000 ரூபாய் கொடுத்து ஒரு லாப்ரடார் குட்டி வாங்கினார்கள். இரண்டு மாதம் முடிந்த குட்டி என்றும், முதல் தடுப்பூசியும் பூச்சி மருந்தும் கொடுத்தாயிற்று என்றும் சொல்லி, தடுப்பூசி அட்டை ஒன்றையும் கடைக்காரர் கொடுத்தனுப்பினார். மறுநாளே குட்டி தீனியைத் தொடவில்லை, வாந்தி எடுத்தது, இரவுக்குள் ரத்தம் கலந்து கழியத் தொடங்கியது. கடைக்குத் தொலைபேசியில் சொன்னபோது, "இடம் மாறுன சோர்வுதான் அக்கா, குளுக்கோஸ் கலக்கிக் குடுங்க, நாளைக்குச் சரியாயிரும்" என்றார்கள்.

அரசு கால்நடை மருத்துவமனையில் மருத்துவர் முதலில் பார்த்தது குட்டியின் வாயைத்தான். முன்பற்கள் இருந்தன, கடைவாய்ப் பக்கம் அப்போதுதான் ஈறு கிழிந்து பல் முனை வெள்ளையாகத் தெரிந்தது. எட்டு வாரக் குட்டிக்கு ஏறக்குறைய 28 பால் பற்களும் முளைத்திருக்கும் என்றும், இதற்கு ஐந்து வாரத்துக்கு மேல் இருக்காது என்றும் அவர் சொன்னார். அதன் பிறகு அட்டையை வாங்கிப் பார்த்தார். ஊசி போட்டதாக அதில் எழுதியிருந்த தேதியில் அந்தக் குட்டிக்குக் கண் திறந்தே சில நாட்கள்தான் ஆகியிருக்கும். மருந்துக் குப்பியிலிருந்து உரித்து ஒட்டப்படும் சீட்டு இல்லை, மருந்தின் தொகுதி எண் (பேட்ச் நம்பர்) இல்லை, கையெழுத்திட்டவரின் பதிவு எண்ணும் இல்லை. பரிசோதனையில், குட்டிகளுக்கு வாந்தியும் ரத்தக் கழிச்சலும் உண்டாக்கும் பார்வோ வைரஸ் நோய் என்று உறுதியானது. இந்த வைரஸ் தொற்றி அறிகுறி வெளிப்படுவதற்குப் பெரும்பாலும் 3 முதல் 7 நாட்கள் ஆகும் என்பதால், குட்டி நோயோடுதான் விற்கப்பட்டிருக்கிறது. டிரிப்ஸ் ஏற்றியும் அதைக் காப்பாற்ற முடியவில்லை. அக்கா மகன் இன்றுவரை அந்தப் பேச்சை எடுத்தால் எழுந்து போய்விடுகிறான்.

நானும் அத்தானும் கடைக்குச் சென்று, இந்தக் குட்டியின் தாய் எங்கே இருக்கிறது, அதைப் பார்க்க முடியுமா என்று கேட்டோம். கேரள எல்லையான களியக்காவிளைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஓர் ஏஜெண்ட் கொண்டுவந்து தருகிறார் என்பதற்கு மேல் பதில் இல்லை. அவருடைய பெயரையும் சொல்ல மறுத்துவிட்டார்கள். அதற்கு மாறாக, வேறொரு குட்டியை எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி, கம்பிக்கூண்டுக்குள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படுத்துக் கிடந்த குட்டிகளைக் காட்டினார்கள். பார்வோ வைரஸ் ஒரு வீட்டின் தரையிலும் மண்ணிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். குட்டி செத்த வீட்டுக்கே, தடுப்பூசி போடாத இன்னொரு குட்டியை உடனே கொடுத்தனுப்ப ஒருவருக்கு மனம் வருகிறது என்றால், அந்த உயிர் அவருக்கு வெறும் சரக்கு என்றுதான் நான் புரிந்துகொள்கிறேன். நாங்கள் வாங்க மறுத்துவிட்டோம்.

எங்களுக்கு நேர்ந்த இழப்பைவிட, கண்ணில் காட்டப்படாத அந்தத் தாய் நாயைப் பற்றிய எண்ணமே என்னை அதிகம் வருத்துகிறது. பெட்டை நாய் பொதுவாக ஆறு மாதத்துக்கு ஒருமுறை பருவத்துக்கு வரும். சினைக்காலம் ஏறத்தாழ 63 நாட்கள். குட்டிகளை ஐந்து வாரத்திலேயே பிரித்து விற்றுவிட்டு, வருகிற ஒவ்வொரு பருவத்திலும் கிராஸ் போட்டால் ஆண்டுக்கு இரண்டு ஈற்று கிடைக்கும் என்பதுதான் இந்த வியாபாரத்தின் கணக்கு. இதைத் தடுக்கவே 2017ஆம் ஆண்டு மத்திய அரசு நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகளைக் கொண்டுவந்தது. பதினெட்டு மாதம் நிறையாத பெட்டையையும் எட்டு வயது கடந்த பெட்டையையும் ஈன வைக்கக் கூடாது, ஆண்டுக்கு ஓர் ஈற்றுக்கு மேல் கூடாது, ஆயுளில் ஐந்துக்கு மேல் கூடாது, எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது, வளர்ப்பவர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும் என்று அவை கூறுகின்றன. செல்லப்பிராணிக் கடைகளும் பதிவு செய்ய வேண்டும் என்று 2018ஆம் ஆண்டு தனி விதிகள் வந்தன. நம் ஊரிலோ "நாற்பத்தைந்து நாள் குட்டி" என்று வெளிப்படையாகவே விளம்பரம் செய்கிறார்கள். எட்டு வாரம் என்பது 56 நாட்கள்.

ஆகவே கடையின் பதிவுச் சான்றிதழைக் கேளுங்கள். தாய் நாயை அது வாழும் இடத்திலேயே பார்க்க வேண்டும் என்று சொல்லுங்கள். தாயின் காம்புகள் பால் கொடுத்த நிலையில் இருக்கின்றனவா, குட்டிகள் அதனிடம் ஓடுகின்றனவா என்பதையும் கவனியுங்கள். ஏனெனில் 'வீட்டில் வளர்ந்த குட்டி' என்று காட்டுவதற்காகவே தெரிந்தவர் வீட்டில் குட்டிகளை இறக்கி வைக்கும் இடைத்தரகர்களும் இருக்கிறார்கள். கேசிஐ (கென்னல் கிளப் ஆஃப் இந்தியா) பேப்பர் இருக்கிறது என்பதைக் கேட்டதும் நிம்மதி அடைய வேண்டாம். அது வம்சாவளிக்கான சான்று மட்டுமே, உடல்நலத்துக்கு அது பொறுப்பேற்காது. இனநாய்தான் வேண்டும் என்ற கட்டாயம் இல்லாதவர்கள் தெருவில் பிறந்த ஒரு குட்டியை எடுத்து, ஆறு முதல் எட்டு வாரத்தில் தடுப்பூசியைத் தொடங்கி, பதினாறு வாரம் வரை மூன்று நான்கு வார இடைவெளியில் தொடர்ந்து போட்டு வளர்க்கலாம். நம் தட்பவெப்பத்துக்கு அவை மிகவும் பொருந்தியவை.

அத்தான் நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுக்கிறார். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்கு அங்கே கட்டணம் கிடையாது. சம்பவம் நடந்து இரண்டு ஆண்டுகளுக்குள் மனு கொடுக்க வேண்டும். மார்த்தாண்டம், குழித்துறை, தக்கலை பக்கத்தில் குட்டி வாங்கிச் சில நாட்களிலேயே பறிகொடுத்தவர்கள் ரசீதையும், தடுப்பூசி அட்டையையும், மருத்துவர் எழுதிய சீட்டையும் தூக்கிப் போட்டுவிடாமல், நீங்களும் மனு கொடுங்கள்.