ஹாப்ஸ் வாங்குவோர் கவனத்திற்கு: எனக்குப் போனது 214 டாலர்

மெல்பர்னில் என் வீட்டுக் கழுவுதொட்டியில் 23 லிட்டர் பேல் ஏல் பீரைச் சற்று முன்புதான் கொட்டிவிட்டேன். அந்த நாற்றம் இன்னும் கையை விட்டுப் போகவில்லை. வீட்டில் பீர் தயாரிப்பதற்கான பொருள்களை இணையத்தில் விற்கும் ஒரு கடை, பீருக்குக் கசப்பும் மணமும் தரும் பூவான ஹாப்ஸில் பழையதைப் புதியது என்று சொல்லி என் தலையில் கட்டிவிட்டது. வேறு எவரும் ஏமாறக் கூடாது என்பதால் நடந்ததைச் சொல்லி, வாங்கும்போது கவனிக்க வேண்டியவற்றையும் கடைசியில் எழுதுகிறேன்.

நான் விசாரிக்காமல் வாங்கவில்லை. காற்றும் வெப்பமும் பட்டால் ஹாப்ஸின் மணம் கெட்டுவிடும், காற்று நீக்கிய உறையில் போட்டு ஃப்ரீஸரில் வைத்தால்தான் அது நிற்கும் என்பது தெரிந்ததால், பணம் கட்டுவதற்கு முன்பே கடைக்காரரைத் தொலைபேசியில் அழைத்து, எந்த ஆண்டு அறுவடை, எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். இந்த ஆண்டு பறித்தது, எல்லாம் ஃப்ரீஸரில்தான் இருக்கிறது என்றார். அதோடு நிற்காமல், வெள்ளி நிறப் பொட்டலங்கள் அடுக்கிய ஃப்ரீஸரின் படத்தைப் பத்தே நிமிடத்தில் அனுப்பி, தம் வீட்டு பீருக்கும் இதையேதான் போடுவதாகச் சொன்னார். அந்தப் படத்தைப் பார்த்துத்தான் நம்பினேன். கேலக்ஸி வகையில் 100 கிராம் பொட்டலங்கள் எட்டு, 160 டாலர். முளைகட்டிய தானியமான மால்ட்டும், அதை நொதிக்கவைக்கும் ஈஸ்ட்டும் 54 டாலர். ஆக 214 டாலர்.

முதல் பொட்டலத்தைப் பிரித்தபோது பாஷன் பழ வாசனை வீட்டை நிறைத்தது. அதில் 60 கிராமை மால்ட் கரைசலின் கொதி முடியும் தறுவாயில் போட்டு, ஆறவைத்து, ஈஸ்ட் தூவி, 18 டிகிரியில் வைத்தேன். மறுநாளே நுரை எழுந்தது; எட்டாம் நாள் பீரின் அடர்த்தியைக் காட்டும் ஹைட்ரோமீட்டர் 1.050இலிருந்து 1.012க்கு இறங்கியிருந்தது. அன்று எடுத்த மாதிரியைச் சுவைத்தேன், ஒரு குறையும் இல்லை. இதைக் குறித்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் பிற்பாடு பழி என் மேல்தான் விழுந்தது.

நொதித்தல் அடங்கும் அந்தக் கட்டத்தில் சேர்க்கும் ஹாப்ஸ்தான் பேல் ஏலுக்கு மணத்தில் பெரும்பகுதியைத் தருகிறது. பிரித்த பொட்டலத்தில் காற்றுப் புகுந்திருக்குமோ என்று அஞ்சிப் புதிய பொட்டலம் ஒன்றை எடுத்தேன். பீர் நொதிக்கும் கலனான ஃபெர்மென்டரின் மூடி திறந்திருந்தால் பீருக்குள் ஆக்சிஜன் போய்விடும் என்பதால், உறையைக் கத்தரித்து 100 கிராமையும் ஒரே கவிழ்ப்பாகக் கவிழ்த்து மூடினேன். உள்ளிருந்து எழுந்த வாயு மூக்கில் ஏறியிருந்ததில் வேறு வாசனை தெரியவில்லை. மூடிய பிறகுதான் விரல்களில் பழைய பாலாடைக்கட்டியும் வியர்த்த காலுறையும் கலந்தாற்போன்ற நாற்றம் வீசியது. முதல் பொட்டலத்துத் துகள்கள் பாசிப்பயறு போலப் பச்சையாக இருந்தன. உறையின் மூலையில் ஒட்டியிருந்த இவையோ வெந்தயப் பழுப்பு. மற்ற ஆறு பொட்டலங்களையும் எடுத்து அழுத்தினேன். உறை துகள்களை இறுகப் பிடிக்காமல் தொளதொளவென்று இருந்தது. அறுவடை ஆண்டு அச்சிட்ட சீட்டின் ஓரத்தை நகத்தால் உரித்தால், அடியில் இன்னொரு சீட்டு. அதில் இருந்தது நான்கு ஆண்டுகளுக்கு முந்தைய ஆண்டு.

கடைக்கு எழுதினேன். ஹாப்ஸின் வாசனை ஒவ்வொருவர் மூக்குக்கும் ஒவ்வொரு விதம் என்று முதல் பதில் வந்தது. சீட்டுகளின் படத்தை அனுப்பியதும், நான் பாத்திரத்தைச் சரியாகக் கழுவாததால் பீர் கெட்டிருக்கும் என்றார்கள். பீர் கெடவில்லை, ஹாப்ஸ்தான் கெட்டிருந்தது என்று மறுபடி எழுதினேன். பிரித்த பொருளைத் திரும்பப் பெற மாட்டோம், வேண்டுமானால் அடுத்த முறை வாங்கும்போது 10 டாலர் கழித்துக்கொள்கிறோம் என்றார்கள். போனது 214 டாலர், தருவது 10 டாலர், அதையும் அவர்களிடமே செலவழிக்க வேண்டுமாம்! அதன் பிறகு தொலைபேசியையும் எடுப்பதில்லை. பழுதான பொருளை விற்றுவிட்டு இப்படிக் கைகழுவ ஆஸ்திரேலிய நுகர்வோர் சட்டத்தில் இடமில்லை. விக்டோரியா நுகர்வோர் விவகாரத் துறைக்குப் புகார் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

கவனிக்க வேண்டியவற்றை விரிவாகச் சொல்வதாக இருந்தேன், எழுத எழுதக் கோபம்தான் ஏறுகிறது. பொட்டலம் கல் போல இறுகியிருக்கிறதா என்று பாருங்கள். சீட்டின் ஓரத்தை உரித்துப் பாருங்கள். ஒன்று நன்றாக இருந்தது என்று மற்றதை நம்பாதீர்கள். ஒவ்வொன்றையும் ஃபெர்மென்டரைத் திறப்பதற்கு முன்பே பிரித்து முகர்ந்துவிடுங்கள். ஃப்ரீஸர் படத்தை நம்பிப் பணம் கட்டாதீர்கள்.